சுத்தம் செய்யப் போன கதை

(பழைய மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள் காலை அமர்வில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசணும், உன் சாதனைகளைப் பத்திச் சொல்லு" என்றார். சாதனை பேச நம் சங்கத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே நான் செய்த இரண்டு தப்புகளைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று 1997-ல் இதே கட்டடத்தின் மாடியில் நடந்தது. இன்னொன்று 2022-ல். நடுவில் இருபத்தைந்து வருஷம் ஓடியிருந்தாலும் இரண்டும் ஒரே தப்புதான். இரண்டு முறையும் நான் சுத்தம் செய்யப் போயிருந்தேன்.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சின்னச் சின்னக் கருவிகளுக்குள் ஓடும் லினக்ஸ் இமேஜ் தயாரிப்பது. கெர்னலில் வேலை என்று வீட்டில் சொன்னபோது, "பட்டாளத்துலயா?" என்று கேட்டார் என் அம்மா. அந்தக் கர்னல் வேறு. 1991 ஆகஸ்டில் ஃபின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காகச் செய்கிறேன் என்று அறிவித்த லினக்ஸின் உட்கரு இது. பூட் லோடர், கெர்னல், கோப்புகள், நம் நிரல் எல்லாவற்றையும் ஒரே கட்டாகச் சமைத்து, கருவிக்குள் இறக்கும்படி தருவதைத்தான் இமேஜ் என்கிறோம். யாக்டோ, பில்ட்ரூட் என்று அதற்கான கருவிகள் இருக்கின்றன. சமையல் அவை செய்யும். உப்பு எவ்வளவு என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

கல்லூரி திறப்பது போல

ஒரு கருவி கண் விழிப்பதும் நம் கல்லூரி காலையில் திறப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கிறார். அவர் சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் சின்ன நிரல். அவருக்குத் தெரிந்தது, சாவிக் கொத்து எங்கே இருக்கிறது என்பது மட்டும். சாவியை எடுத்துக் கொண்டு அறைகளைத் திறக்க வரும் அலுவலக உதவியாளர்தான் பூட் லோடர். அவர் முதல்வரை, அதாவது கெர்னலை, நாற்காலியில் உட்கார வைக்கிறார். மேஜை மேல் ஒரு துண்டுச் சீட்டும் வைக்கிறார். "இன்றைக்கு வகுப்புகள் இந்தக் கட்டடத்தில்" என்று அதில் எழுதியிருக்கும். முதல்வர் அந்தக் கட்டடத்தைத் தேடித் திறந்தால்தான் மணி அடிக்கும், பாடம் நடக்கும். அந்தத் துண்டுச் சீட்டுதான் கெர்னலுக்குத் தரும் கட்டளை வரி. கட்டடம்தான் ரூட் கோப்பமைப்பு.

முதல்வர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதும் நம் கையில்தான் இருக்கிறது. கெர்னலைக் கட்டும்போது ஆயிரக்கணக்கான கேள்விகள் வரும். இந்த நெட்வொர்க் சிப்புக்கு ஆதரவு வேண்டுமா, அந்தக் கோப்பு வகையைப் படிக்கத் தெரிய வேண்டுமா என்று. பதில் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: உள்ளேயே இருக்கட்டும், தனி மாட்யூலாக இருக்கட்டும், வேண்டாம். இந்தப் பதில்களின் தொகுப்புக்குத்தான் கான்ஃபிக் என்று பெயர்.

அந்தக் கான்ஃபிக் கோப்பில் ஒரு விசித்திரம் உண்டு. தம்பி தங்கைகள் கொஞ்சம் கவனியுங்கள், கதை இதில்தான் இருக்கிறது. 'வேண்டும்' என்ற பதில் சாதாரண வரியாக இருக்கும். 'வேண்டாம்' என்ற பதில், ஹேஷ் குறி போட்டு, "# இன்னது வைக்கப்படவில்லை" என்று இருக்கும். பார்த்தால் கமெண்ட் மாதிரியே தெரியும். ஆனால் அது கமெண்ட் அல்ல. கான்ஃபிக்கைப் படிக்கும் நிரல் அந்த வரியை ஒரு பதிலாகவே எடுத்துக் கொள்ளும். அந்த வரி இல்லாவிட்டால் 'வேண்டாம்' என்று பொருள் இல்லை, 'நீங்களே பார்த்துப் போட்டுக்குங்க' என்று பொருள். அப்போது கெர்னலை எழுதியவர்கள் வைத்த இயல்பான பதில் வந்து உட்கார்ந்து கொள்ளும்.

முதல் தப்பு: இரண்டு எழுத்தில் நின்ற இயந்திரம்

இப்போது 1997-க்குப் போவோம். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஏ.சி. குளிரில் நடுங்கிக் கொண்டே உட்காருவோமே, அந்த லேப். பி.சி. க்வெஸ்ட் பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து லினக்ஸ் போட்டுப் பார்க்க, எங்கள் நாலு பேருக்கு ஒரு 486 இயந்திரம் கொடுத்தார்கள். கெர்னலை மறுபடி கட்ட வேண்டுமென்றால் சாயங்காலம் ஆரம்பித்துவிட்டு மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டு வர வேண்டும். வந்தாலும் முடிந்திருக்காது.

லேப் உதவியாளரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் எங்களுக்கு இரண்டு விதி போட்டிருந்தார். ஒன்று, எதைத் தொட்டாலும் அங்கே இருக்கும் நீள நோட்டில் எழுத வேண்டும்: தேதி, என்ன செய்தாய், ஏன் செய்தாய். இரண்டு, லைலோ என்ற பூட் லோடரின் பட்டியலில் புது கெர்னலுக்குக் கீழே பழைய கெர்னலும் எப்போதும் இருக்க வேண்டும். "புதுசு வந்துடுச்சுன்னு பழசைத் தூக்கிப் போடாதீங்கப்பா. புதுசு ஒரு மாசம் நின்னு காட்டட்டும்" என்பார்.

ஒரு சனிக்கிழமை எனக்கு அந்த பூட் டைரக்டரி ஒரே குப்பையாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் அழகாக வேறு டைரக்டரிக்குப் பிரதி எடுத்து வைத்தேன், பழையதை அழித்தேன். காலியான இடத்தில் இன்னும் சில கோப்புகளை இறக்கினேன். நோட்டில் எழுதவில்லை. வெறும் சுத்தம்தானே, இதில் எழுத என்ன இருக்கிறது?

இயந்திரத்தை நிறுத்தி மறுபடி போட்டேன். லைலோ எழும்போது தன் பெயரின் நாலு எழுத்தையும் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒன்றொன்றாகத் திரையில் போடும். எல் வந்தது. ஐ வந்தது. அவ்வளவுதான், அங்கேயே நின்றுவிட்டது.

காரணம் எளியது. லைலோவுக்குக் கோப்பின் பெயர் தெரியாது. வட்டில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். பேர் தெரியாமல் கதவு நம்பரை மட்டும் வைத்துக் கொண்டு தபால் போடும் போஸ்ட்மேன் மாதிரி. நான் வீட்டுக்காரரை வேறு தெருவுக்குக் குடிமாற்றிவிட்டு, போஸ்ட்மேனிடம் சொல்லவில்லை. மாற்றியபின் லைலோ கட்டளையை ஒரு முறை ஓட்டியிருந்தால் அது புதுக் கதவு நம்பரைக் குறித்துக் கொண்டிருக்கும். பட்டியலில் இருந்த பழைய கெர்னலும் உதவவில்லை. அந்தப் பட்டியலைக் காட்ட வேண்டிய லைலோவே பாதியில் நிற்கிறதே!

திங்கட்கிழமை அண்ணன் வந்தார். பூட் ஃபிளாப்பியைப் போட்டு இயந்திரத்தை எழுப்பினார், கோப்புகளை இருந்த இடத்தில் வைத்தார், லைலோவை ஓட்டினார். என்னைத் திட்டவில்லை. நோட்டைத் திறந்து, சனிக்கிழமைப் பக்கம் காலியாக இருப்பதைக் காட்டினார். "என்ன பண்ணேன்னு எழுதியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை. எழுதாததால காலைல இருந்து தேடுறேன்" என்றார். தலையை ஆட்டினேன். கற்றுக் கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாம் தப்பு: பச்சை லைட்

2022. நான் வேலை பார்த்த நிறுவனம் பால் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒரு சின்னப் பெட்டி செய்து கொடுத்தது. சங்கத்தில் சேரும் பாலைத் தொகுப்புக் குளிர்விப்பானில் சுமார் 4 டிகிரியில் வைத்திருப்பார்கள். எங்கள் பெட்டி அந்த வெப்பநிலையைப் பார்த்துக் கொண்டே இருக்கும். ஏறினால் செயலாளரின் செல்போனுக்குச் செய்தி போகும்.

அந்தப் பெட்டியின் கெர்னலை 4.19-லிருந்து 5.10-க்கு மாற்றும் வேலை வந்தது. எங்கள் கான்ஃபிக்கை, முன்பு இருந்த பொறியாளர் ஒருவர் சின்னத் துண்டுக் கோப்பாக வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போயிருந்தார். நல்ல முறைதான். முழுக் கான்ஃபிக்கையும் வைத்துக் கொள்ளாமல், நாம் மாற்றியதை மட்டும் வைத்துக் கொள்வது. ஆனால் அந்தத் துண்டுக் கோப்பு பல வருஷத்துக் குறிப்புகளால் நிறைந்திருந்தது. யாரோ எழுதிய பழைய தேதிகள், கைவிட்ட சோதனைகள். வெகுநாள் கழித்து நானே கோடு தொட உட்கார்ந்த உற்சாகம் வேறு. ஹேஷ் குறியில் ஆரம்பிக்கும் வரிகளையெல்லாம் ஒரே கட்டளையில் நீக்கினேன். கோப்பு பாதியாகச் சுருங்கியது. "தேவையற்ற கமெண்டுகள் நீக்கம்" என்று எழுதிச் சேர்த்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் முன்னால் நான் சொன்ன அந்த விசித்திரம் எனக்குத் தெரியாதா? தெரியும். பல வருஷமாகத் தெரியும். அன்றைக்குக் கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இமேஜ் தயாரானது. எச்சரிக்கை ஒன்றுமில்லை. துண்டுகளைச் சேர்க்கும் கருவி, நாம் கேட்ட பதில் முடிவில் கிடைக்காவிட்டால்தான் எச்சரிக்கும். கேட்காமல் விட்டதைப் பற்றி அது ஏன் பேசப் போகிறது? மேஜையில் பத்துப் பலகைகள், பத்தும் எழுந்தன. எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த பையன் வெளியிடும் பட்டனை அழுத்தினான்.

அன்று இரவு பெட்டிகள் புது இமேஜை வாங்கிக் கொண்டு தாமாகவே மறுபடி துவங்கின. பெரும்பாலானவை எழுந்தன. சில எழவில்லை. காலை ஐந்தரைக்கு ஒரு சங்கச் செயலாளர் பேசினார். வயதானவர், நிதானமான கொங்குப் பேச்சு.

"ஏனுங்க தம்பி, உங்க பொட்டியில பச்சை லைட்டு நல்லாத்தான் எரியுதுங்க. பாலுதான் புளிச்சுப் போச்சுங்க."

இரவில் கம்ப்ரஸர் நின்றிருக்கிறது. பெட்டிக்கு மின்சாரம் இருந்ததால் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே ஒன்றும் ஓடவில்லை. செய்தி போகவில்லை. காலையில் வந்த டேங்கர் அந்தப் பாலை எடுக்காமல் போய்விட்டது. இரண்டு லிட்டர், மூன்று லிட்டர் என்று ஊற்றியவர்களின் பால் அது.

உண்மை வெளிவந்த விதம்

ஆஃப் செய்து ஆன் செய்தால் பெட்டி எழுந்துவிட்டது. அதனால் மின்சாரக் கோளாறு என்றார்கள். அடுத்து பட்டனை அழுத்திய பையன் பக்கம் பேச்சுத் திரும்பியது. சரியாகச் சோதித்தானா, அவசரப்பட்டானா என்று. அவன் முகம் வெளுத்துப் போனது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

ஒரு பலகையில் சீரியல் கேபிளைச் செருகி, தானாக அணைந்து அணைந்து எரியும்படி ரிலே வைத்து ஓடவிட்டோம். பல நூறு முறை ஒழுங்காக எழுந்தது. மறுநாள் விடியற்காலையில் ஒரு முறை நின்றது. திரையின் கடைசி வரி, ரூட் சாதனத்துக்காகக் காத்திருக்கிறேன் என்றது.

துண்டுச் சீட்டில் நாங்கள் கட்டடத்தை எழுதியிருந்த விதம்தான் முதல் கோளாறு. "எம்.எம்.சி. பூஜ்யம், இரண்டாம் பகுதி" என்று எழுதியிருந்தோம். பூஜ்யம், ஒன்று என்பதெல்லாம் கெர்னல் தேடும்போது யார் முதலில் வருகிறார்களோ அந்த வரிசைப்படி தரும் டோக்கன் நம்பர். எங்கள் பலகையில் உள் நினைவகம் ஒன்று, எஸ்.டி. கார்டுக்கான இடம் ஒன்று. பழைய கெர்னலில் இந்த இரண்டையும் வரிசையாகத்தான் தேடும், உள் நினைவகமே முதலில் வரும். துவக்கம் வேகமாக வேண்டும் என்று 5.10-ல் அதை ஒரே சமயத்தில் தேடும்படி மாற்றிவிட்டார்கள். ஆகவே எப்போதாவது கார்டு இடம் முந்திக் கொண்டு பூஜ்யத்தை வாங்கிவிடும். உள் நினைவகத்துக்கு ஒன்றாம் நம்பர். முதல்வரோ சீட்டைக் கையில் வைத்துக் கொண்டு, இல்லாத கட்டடத்துக்காகக் காத்து நிற்கிறார். ரூட்வெயிட் என்றும் அந்தச் சீட்டில் எழுதியிருந்தோம். எவ்வளவு நேரமானாலும் காத்திரு என்று பொருள். அதனால் கெர்னல் பதறி விழவும் இல்லை. சும்மா நின்றது.

சரி, இப்படி ஆனால் காப்பாற்ற எங்களிடம் வழி இருந்ததே! பெட்டியில் பழைய இமேஜும் புது இமேஜும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. யூ-பூட் என்ற பூட் லோடர் எத்தனை முறை முயன்றோம் என்று எண்ணிக் கொண்டே வரும். எண்ணிக்கை மீறினால் பழையதற்குப் போய்விடும். அண்ணனின் இரண்டாவது விதிதான் அது. நின்றுபோன இயந்திரத்தை மறுபடி துவக்க வாட்ச்டாக் என்ற காவல் நாயும் உண்டு. குறித்த நேரத்துக்குள் யாராவது அதற்குச் சோறு வைக்காவிட்டால் இயந்திரத்தைக் கடித்து எழுப்பிவிடும். யூ-பூட் அந்த நாயை அவிழ்த்துவிட்டுத்தான் கெர்னலை எழுப்பியது. அப்படியானால் நாய் ஏன் கடிக்கவில்லை?

கெர்னலே சோறு வைத்துக் கொண்டிருந்தது. பூட் லோடர் அவிழ்த்துவிட்ட நாயை, நம் நிரல் வந்து பொறுப்பேற்கும்வரை கெர்னல் தானே பார்த்துக் கொள்ளட்டுமா என்று கான்ஃபிக்கில் ஒரு கேள்வி உண்டு. இயல்பான பதில் 'ஆம்'. எழுந்திருக்க நேரமாகும் இயந்திரங்கள் பாதியில் கடிபடாமல் இருக்க, அது நியாயமான பதில்தான். ஆனால் எங்கள் பெட்டிக்கு 'வேண்டாம்' என்று பழைய பொறியாளர் தெரிந்தேதான் வைத்திருந்தார். அந்த 'வேண்டாம்' ஹேஷ் குறியில் ஆரம்பிக்கும் ஒரு வரி.

அவருக்குப் போன் போட்டேன். கேட்டு முடிப்பதற்குள், "சார், அது கமெண்ட் இல்ல சார்" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவரே, "ஏன் வெச்சேன்னு மேல ஒரு வரி எழுதியிருக்கணும். என் தப்பும் இருக்கு" என்றார். அது அவருடைய பெருந்தன்மை. நீக்கியது நான்.

அன்று மாலைக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். என் பெயரும் "தேவையற்ற கமெண்டுகள் நீக்கம்" என்ற என் வாசகமும் திரையில் இருந்தன. நாற்பத்தைந்து வயதுக்குமேல் இளைஞர்கள் முன்னால் அப்படி நிற்பது சுலபமல்ல நண்பர்களே. ஆனால் அந்தப் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பாலுக்கான பணத்தை நிறுவனம் கொடுத்துவிட்டது. நான் நேரில் போய் மன்னிப்பும் கேட்டேன். செயலாளர் காபி கொடுத்தார். அதற்கப்புறம் மூன்று மாதம் அவர் தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போய், டார்ச் அடித்து மீட்டரைப் பார்த்துவிட்டு வந்துதான் படுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தத் தூக்கத்துக்கு எந்த நிறுவனமும் பணம் கட்ட முடியாது.

என்ன மாற்றினோம்

இந்தத் துறைக்கு வரப் போகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

துண்டுச் சீட்டில் டோக்கன் நம்பரை விட்டோம். பகுதிக்கென்றே உள்ள நிலையான அடையாள எண்ணை எழுதினோம். பார்ட்யூயூஐடி என்பார்கள். ரேஷன் கார்டு நம்பர் மாதிரி, யார் முந்தினாலும் மாறாது. கெர்னலுக்கே நேரடியாகப் புரியும்.

துண்டுக் கோப்பில் ஒவ்வொரு பதிலுக்கும் மேலே ஒரு வரி காரணம். காரணம் இல்லாத வரி வந்தால் இமேஜ் கட்டுவதே நின்றுவிடும்.

கெர்னல் மாறும்போதெல்லாம், துண்டை மட்டும் பார்ப்பதில்லை. எல்லாம் சேர்ந்து முடிவில் வரும் முழுக் கான்ஃபிக்கையும் பழைய முழுக் கான்ஃபிக்கோடு ஒப்பிட்டு, எது மாறியது என்று மனிதர் ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார். அலுப்பான வேலைதான். முதலில் இரண்டு நாள் ஆனது.

நான்காவது, எனக்கு முக்கியமாகப் படுவது. எழுகிறதா என்று மட்டும் சோதிப்பதில்லை. எழ முடியாதபடி நாங்களே கெடுத்துவிட்டு, பழைய இமேஜுக்குத் திரும்பி வருகிறதா என்றும் சோதிக்கிறோம். சீட்டில் இல்லாத கட்டடத்தின் பெயரை எழுதிவிட்டுக் காத்திருப்போம். நாய் கடிக்க வேண்டும், பழைய இமேஜ் எழ வேண்டும். அப்போதுதான் வெளியே போகும். 1997-லும் பழைய கெர்னல் இருந்தது. 2022-லும் பழைய இமேஜ் இருந்தது. இரண்டு முறையும் இல்லாமல் போனது அதற்குப் போகும் வழி. வழி திறக்கிறதா என்று நடந்து பார்த்தால்தான் தெரியும்.

தம்பி தங்கைகளே, உங்கள் காலத்தில் எழுதித் தரவும் தேடித் தரவும் எத்தனையோ வசதி வந்துவிட்டது. ஆனால் ஒரு வரி ஏன் அங்கே இருக்கிறது என்பது அதை வைத்தவருக்குத்தான் தெரியும். வைத்தவர் நாளைக்கு இருக்க மாட்டார். ஆகவே வைக்கும்போதே எழுதி வையுங்கள். உங்களுக்குப் புரியாத ஒன்று குப்பையாகத் தெரிந்தால், துடைப்பத்தை எடுக்கும் முன்னால் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

நேற்று சாயங்காலம் மாடி லேபுக்குப் போயிருந்தேன். இயந்திரங்கள் எல்லாம் புதுசு. ஏ.சி. மட்டும் அதே குளிர். நீள நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். அங்கே இருந்த தங்கைக்கு நான் எதைக் கேட்கிறேன் என்றே புரியவில்லை. ஆகையால் இன்று காலை கடைத்தெருவில் ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். துறைத்தலைவர் அவர்களிடம் இப்போது கொடுக்கிறேன். முதல் பக்கத்தில் 1997-ம் ஆண்டுச் சனிக்கிழமையின் கணக்கை, இருபத்தைந்து வருஷத்துக்குமேல் தாமதமாக, என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இரண்டாம் பக்கத்திலிருந்து உங்களுடையது.